20 ஹேர்ட்ஸ் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது

சப்வூபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பற்றிய கட்டுரையில், மனிதக் காதுக்கு 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்காது என்பதால் சப்சொனிக் பில்டரை (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியை) அந்த எண்ணில் வைத்தாலே போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, துளை வைத்த பெட்டிகளைப் பொறுத்தவரை ஆபத்தான அறிவுரை. அத்தகைய பெட்டி எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அங்கே ஸ்பீக்கரின் கூம்பு மிகக் குறைவாக அசையும். அதற்குக் கீழே இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று துளை வழியே தாராளமாகப் போய்வருவதால், கூம்பைக் கட்டுப்படுத்த அதைத் தாங்கிப் பிடிக்கும் நெகிழ்வான பாகமான சஸ்பென்ஷனைத் தவிர வேறு எதுவும் இராது.

வெள்ளவத்தையில் என் வீட்டு 12 அங்குல சப்வூபர் 38 ஹேர்ட்ஸுக்கு அமைந்த பெட்டியில் இருக்க, பில்டரோ 20 இல் இருந்தது. படமொன்றின் வெடிப்புக் காட்சியில் ‘டக், டக்’ என்று, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வொயிஸ் கொயில் பின்தகட்டில் மோதியது. கீழ்வீட்டுக்காரர் உடனே வந்து கதவைத் தட்டியதால் சப்வூபர் தப்பியது என்றே சொல்ல வேண்டும். இப்போது பில்டரை 32 ஹேர்ட்ஸில், ஓக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரிவில் வைத்திருக்கிறேன். கேட்கும் பாஸில் குறையேதும் தெரியவில்லை, அம்ப்ளிபயரின் வலுவும் வீணாவதில்லை. மூடிய பெட்டியில் காற்றே வில்லுச்சுருளாக நின்று தாங்குவதால் இவ்வளவு கவலை வேண்டாம்.

புறக்கோட்டையில் ஆயத்தமாக வாங்கும் துளை வைத்த பெட்டிகளில், அவை அமைக்கப்பட்ட அதிர்வெண் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. பில்டரை நிறுத்திவிட்டு, சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் 60 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு கூம்பைக் கவனியுங்கள். அது ஏறக்குறைய அசையாமல் நிற்கும் இடமே நீங்கள் தேடும் எண்.