சீருடை போனது, பூட்டு போகவில்லை

“அணுகுண்டு செய்த கையோடு அதை ராணுவத்திடமிருந்து வாங்கி சிவிலியன்களிடம் ஒப்படைத்துவிட்டது அமெரிக்கா, ஜனநாயகம் என்றால் அது” என்று நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள். 1946-ம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தைத்தான் சொல்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியை யாரும் தொடுவதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, அணுகுண்டு செய்வதற்காக ஓக் ரிட்ஜ், ஹான்ஃபோர்டு, லாஸ் அலமோஸ் என்று பரவிக்கிடந்த அந்தப் பெரிய ஏற்பாடு முழுவதும் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸின் கையில் இருந்தது. போர் முடிந்ததும் இதை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தது. போர்த்துறை முன்கூட்டியே தன் வக்கீல்களை வைத்து ஒரு மசோதா தயாரித்து வைத்திருந்தது. கென்டக்கியைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆண்ட்ரூ மே, கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன் ஆகியோரின் பெயரில் அக்டோபர் 3-ம் தேதி அது தாக்கலானது. பகுதிநேர உறுப்பினர்கள் கொண்ட ஒரு கமிஷன். அதில் ராணுவ அதிகாரிகளும் உட்காரலாம். ரகசியத்தை மீறினால் கடும் சிறை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு பிரதிநிதிகள் சபையின் ராணுவக் குழு ஒதுக்கிய விசாரணை ஒரே ஒரு நாள். நம் ஊரில் வாய்க்கால் வரப்புத் தகராறுக்கே பஞ்சாயத்து அதைவிட அதிக நாள் உட்காரும். அந்தக் குழுவின் தலைவரும் அதே மேதான். (போர்க்காலத்தில் ஆயுதக் கம்பெனிக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதற்காக 1947-ல் இந்த ஆண்ட்ரூ மே குற்றவாளி என்று தீர்ப்பாகி ஜெயிலுக்கும் போனார். தேச ரகசியத்தைக் காக்கப் புறப்பட்டவரின் லட்சணம் அது.)

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ் என்று விஞ்ஞானத்தின் பெரிய தலைகள் எல்லாம் முதலில் அந்த மசோதாவை ஆதரித்தார்கள். ஏதோ ஒரு சட்டம் சீக்கிரம் வந்தால் போதும் என்ற நினைப்பு. எதிர்த்துக் கிளம்பியவர்கள், சிகாகோவிலும் ஓக் ரிட்ஜிலும் லாஸ் அலமோஸிலும் வேலை பார்த்த இளம் விஞ்ஞானிகள். கூட்டம் போட்டார்கள், சங்கம் தொடங்கினார்கள், வாஷிங்டனுக்கு வண்டி ஏறி ஒவ்வொரு உறுப்பினரின் கதவாகத் தட்டினார்கள். மூத்தவர்களில் லியோ சிலார்டு விடாமல் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில்தான் மே தன் குழுவை மறுபடி ஒரு நாள் கூட்ட வேண்டி வந்தது. அன்று சிலார்டு நேரிலேயே போய்ப் பேசினார்.

அதற்குள் கனெக்டிகட்டின் புது செனட்டர் பிரையன் மக்மேகன் களத்தில் இறங்கி, அணுசக்திக்கென்றே அமைந்த செனட் சிறப்புக் குழுவுக்குத் தலைவரானார். எட்வர்டு காண்டன் என்ற இயற்பியலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டிசம்பர் 20-ம் தேதி அவருடைய மசோதா வந்தது: கமிஷன் முழுக்க சிவிலியன், அடிப்படை அறிவியல் தகவல்கள் திறந்திருக்கும். விஞ்ஞானிகளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் 1946 பிப்ரவரியில் கனடாவிலிருந்து ஒரு செய்தி வெடித்தது. ஆட்டவாவின் சோவியத் தூதரகத்தில் வேலை பார்த்த இகோர் கூஸென்கோ என்பவர் முந்தைய செப்டம்பரிலேயே கத்தையாகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார். உளவு வலையில் ஆட்கள் கைதானார்கள். உடனே வாஷிங்டனில் காற்று திசை மாறியது. செனட்டர் வாண்டன்பர்க் முன்னின்று ராணுவத் தொடர்புக் குழு ஒன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். தகவலைப் பரப்புவது பற்றி எழுதப்பட்டிருந்த பிரிவு, தகவலைக் கட்டுப்படுத்தும் பிரிவாகத் தலைகீழானது. 1946 ஆகஸ்ட் 1-ம் தேதி அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் அதுதான் 10-வது பிரிவு.

அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அணு ஆயுதம் செய்வது, பிளவுபடும் பொருளை (யுரேனியம், புளூட்டோனியம் போன்றவை) தயாரிப்பது, அதிலிருந்து மின்சாரம் எடுப்பது ஆகியவை பற்றிய எல்லாத் தகவலும் ‘தடைசெய்யப்பட்ட தரவு’. யாரும் முத்திரை குத்தத் தேவையில்லை. ஒரு தகவல் பிறக்கும்போதே ரகசியமாகப் பிறக்கிறது. விடுவித்தால்தான் வெளியே வரும். நாட்டுக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு வெளியிட்டால் மரண தண்டனை வரை போகலாம். மே–ஜான்சன் மசோதாவை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர்கள் கமிஷன் நாற்காலியை ஜெயித்தார்கள், தகவல் அலமாரியின் சாவியைக் கோட்டை விட்டார்கள். என்னைக் கேட்டால், இரண்டில் சாவிதான் பெரிது.

சரி, நாற்காலியால் பலனே இல்லையா? இருந்தது, அதை மறுக்கக் கூடாது. 1948 ஜூலையில், பெர்லின் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, கமிஷனிடம் இருந்த குண்டுகளை ராணுவத்தின் பாதுகாப்பில் விடும்படி பாதுகாப்புச் செயலர் ஃபாரஸ்டல் கேட்டார். ட்ரூமன் மறுத்தார். பெண்களையும் குழந்தைகளையும் அழிக்கும் பொருளைத் துப்பாக்கி, பீரங்கியைப் போல நடத்த முடியாது என்பது அவருடைய வாதம். அந்த நிலையில் கமிஷன் இல்லாமல், எல்லாம் தளபதிகளின் கிடங்கில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. கொரியப் போரின்போது, 1951-ல்தான் ஒன்பது குண்டுகளின் அணுவெடிப்பொருள் அடங்கிய நடுப்பகுதிகளை விமானப்படையிடம் ஒப்படைக்க அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ரகசியப் பூட்டு செய்த வேலையைப் பாருங்கள். 1947 ஏப்ரல் 3-ம் தேதி கமிஷன் தலைவர் டேவிட் லிலியந்தாலும் சக உறுப்பினர்களும் ட்ரூமனைப் பார்க்கப் போகிறார்கள், கையில் ஓர் அறிக்கை. அதில் எத்தனை குண்டுகள் கையிருப்பில் இருக்கின்றன என்று எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. காகிதத்தில் எழுதினால் ஆபத்தாம். எண்ணை வாயால்தான் சொன்னார்கள். கேட்ட ட்ரூமன் அதிர்ந்துபோனார், அவ்வளவு குறைவு. உலகமே பயந்துகொண்டிருந்த அந்தக் களஞ்சியத்தில் ஒரு டஜனை ஒட்டித்தான் இருந்தது. வெளிநாட்டுக் கொள்கை முழுவதையும் எதன்மேல் கட்டினார்களோ, அதன் கணக்கு நாட்டின் தலைவருக்கே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 17. அதே கமிஷனின் பெயரில் ஒரு குறிப்பு போகிறது. மனிதர்கள்மேல் நடத்திய கதிரியக்கச் சோதனைகள் பற்றிய ஆவணங்களை ரகசியமாக வைக்க வேண்டும், வெளியே தெரிந்தால் மக்கள் கருத்து பாதிக்கப்படலாம், வழக்குகள் வரலாம் என்கிறது அது. எதிரி நாடு தெரிந்துகொள்ளும் என்ற பேச்சே அதில் இல்லை. 1945 முதல் 1947 வரை 18 நோயாளிகளுக்குப் புளூட்டோனியம் ஊசி போட்டிருந்தார்கள். பெரும்பாலும் ராணுவத்தின் காலத்தில் நடந்த வேலைதான், குறிப்பில் கையெழுத்துப் போட்டவரும் ஒரு கர்னல். ஆனால் இதை மூடி வைத்தது சிவிலியன் கமிஷன், அதற்கு உதவியது இந்தப் பூட்டு. அந்த நோயாளிகளில் சிலரின் பெயர்கள் வெளியே வர 1993 ஆனது, அதுவும் ஆல்பகர்கியில் ஒரு நிருபர் வருடக்கணக்கில் தோண்டியதால்.

நெவாடா பாலைவனத்தில் 1951 முதல் குண்டு வெடித்து, காற்று வீசிய திசையில் இருந்த ஊர்க்காரர்களிடம் ஆபத்தில்லை என்று சொன்னதும் இதே கமிஷன்தான். 1954-ல் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியைப் பறித்ததும் எந்த ராணுவ நீதிமன்றமும் இல்லை, லூயிஸ் ஸ்ட்ராஸ் தலைமையிலான அதே சிவிலியன் கமிஷன். அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்பும் அதைக் கண்காணிக்கும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று புரிந்து அந்தக் கமிஷனைக் கலைக்க அவர்களுக்கு 1974 வரை ஆனது.

பிரிட்டனுக்கு நடந்தது தனிக் கதை. லாஸ் அலமோஸில் கூட நின்று குண்டு செய்தவர்களுக்கே இந்தச் சட்டம் கதவைச் சாத்தியது. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அணு விஷயத்தில் சேர்ந்து வேலை செய்ய 1943-ல் கியூபெக்கில் போட்ட ஒப்பந்தம் அவ்வளவு ரகசியம், சட்டம் இயற்றிய காங்கிரஸுக்கே அது காட்டப்படவில்லை. பிரிட்டன் தனியாகவே செய்து 1952-ல் வெடித்துக் காட்டியது.

நம் பக்கம் வருகிறேன். 1948 ஏப்ரலில் நேரு அணுசக்தி மசோதாவைக் கொண்டுவந்தார். எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர் அமெரிக்க, பிரிட்டிஷ் சட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்முடைய மசோதாவில் ரகசியம் அவற்றைவிட அதிகமாக இருக்கிறதே, ராணுவப் பயன்பாட்டோடு அது நிற்கக் கூடாதா என்று கேட்டார். அமைதிக்கான ஆராய்ச்சியையும் ஆயுதத்துக்கான ஆராய்ச்சியையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் நேரு. மசோதா நிறைவேறியது. நம் அணுசக்தித் துறை ஒருநாளும் ராணுவத்திடம் இருந்ததில்லை, நேரே பிரதமரின் கீழ்தான். ஆனால் 1962 சட்டத்திலும் தகவலை அடைக்க 18-வது பிரிவு வந்து உட்கார்ந்துகொண்டது. கூடங்குளம் உலையின் பாதுகாப்பு அறிக்கையைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மறுக்கப்பட்டு, மத்திய தகவல் ஆணையம் வரை போக வேண்டியிருந்தது. கொடுக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது 2012-ல். உலை கட்டத் தொடங்கி அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது.