சுண்டைக்காய் கால் பணம், கரண்ட் பில் முக்கால் பணம்

"ஹோம் சர்வருக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறார்கள். இன்று காலை கண்ணில் பட்ட விளம்பரம். ஹோம் சர்வர் என்றால் போட்டோ, படம் எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டில் எப்போதும் ஆனில் கிடக்கும் கம்ப்யூட்டர். ஆபீசில் ஓடிய 1யூ ரேக் சர்வர் (அலமாரியில் செருகும் தட்டைப் பெட்டி), ரெண்டு ஜியான் பிராசஸர், 64 ஜிபி ரேம், விலை ₹18,000. யார் வீட்டுக்கு ஏற்றது? சப்-ஸ்டேஷனுக்குள் குடியிருப்பவர் வீட்டுக்கா?

கேட்பது ஒரே ஒரு எண். வேலை ஏதும் இல்லாமல் ஆனில் கிடக்கும்போது எத்தனை வாட் இழுக்கும்? வீட்டு சர்வர் ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் அப்படித்தான் கிடக்கப்போகிறது. போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

"சார், ஐடில்ல எவ்ளோ வாட் இழுக்கும்?"

"750 வாட் சார்."

அது சர்வருக்குள் கரண்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் தலையில் ஒட்டியிருக்கும் எண். அதனால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது. கேட்டது அதில்லை.

"அது இல்ல சார், சும்மா இருக்கும்போது எவ்ளோ?"

"எஸ்எம்பிஎஸ் ரெண்டு இருக்கு சார். மொத்தம் 1500 வாட்!"

குரலில் அப்படியொரு பெருமிதம். கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சொல்வது மாதிரி.

"வேலையே இல்லாம ஆன்ல இருந்தா எவ்ளோன்னு கேக்கறேன்."

"வேலை இல்லன்னா ஏன் சார் ஆன்ல வெக்கறீங்க? ஆஃப் பண்ணிடுங்க."

சர்வர் விற்கிற மனுஷன் சொல்கிற பதில் இது. சர்வர்!

"பிராசஸர் டிடிபி 80 வாட்னு போட்டிருக்கு பாருங்க சார், அவ்ளோதான் ஆகும்."

ஆகாது. டிடிபி என்பது பிராசஸர் முழு மூச்சில் ஓடும்போது கூலர் இறக்கிவிட வேண்டிய சூட்டின் கணக்கு. சுவரில் இருக்கும் பிளக்குக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது. ஒரே தலைமுறை இன்டெல் பிராசஸரில் 35 வாட் 'டி' மாடலும் 65 வாட் மாடலும் சும்மா இருக்கையில் ஏறத்தாழ ஒரே அளவுதான் இழுக்கும். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கடைசி அஸ்திரம் வரும்.

"எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க சார், யாரும் ஒரு கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல."

எப்படிப் பண்ணுவார்கள்? ஈபி பில் வர ரெண்டு மாசம். ரிட்டர்ன் எடுக்க ஏழு நாள்.

சரி, அவர் போடாத கணக்கை நாமே போடுவோம். ரெண்டு ஜியான் வைத்த பழைய ரேக் சர்வர் சும்மா இருக்கும்போது 120 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரம், 60 நாள்: 173 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 573-க்குப் போய் நிற்கும். தமிழ்நாட்டில் பில் கட்டும் யாருக்கும் 500 என்ற எண்ணைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகும், 101-லிருந்து 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த சலுகை விலையும் பறிபோகும். ஆக ஒரு பில்லுக்கு ₹1,400-க்குக் குறையாமல் கூடுதல், வருஷத்துக்கு ஆறு பில், குறைந்தது ₹8,400. ரெண்டு வருஷம் ரெண்டு மாசத்தில் இன்னொரு சர்வர் வாங்கும் காசை ஈபிக்குக் கொடுத்தாயிற்று. யானையை யாராவது சும்மா கொடுத்தால்கூட முதலில் கேட்க வேண்டியது அது ஒரு வேளைக்கு எவ்வளவு தின்னும் என்றுதானே?

கரண்டோடு போனால் பரவாயில்லை. 1யூ பெட்டியில் இருப்பவை 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன்கள். சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலெல்லாம் சுற்ற வேண்டும். ஹாலில் வைத்தால் டிவியில் ஓடுவது காதில் விழாது. முன்பக்கம் எட்டு டிஸ்க் போடலாம் என்பார்கள். எட்டும் 2.5 இன்ச் இடம். விலைக்கு ஏற்ற பெரிய 3.5 இன்ச் டிஸ்க் ஒன்றுகூட நுழையாது. உள்ளே ஒரு ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டி ஓட்டும் அட்டை) உட்கார்ந்துகொண்டு டிஸ்க்கை நேரடியாக ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் காட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். டிஸ்க்குகளைத் தானே மேய்க்கும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட நினைத்தால், குறுக்கே நிற்காத ஐடி மோடுக்கு அந்தக் கார்டை ஃபிளாஷ் செய்ய வேண்டும், அல்லது டிஸ்க்கை அப்படியே காட்டும் எச்பிஏ கார்டு வாங்க வேண்டும். ₹18,000 எங்கே நிற்கிறது பார்த்தீர்களா?

"அப்ப புதுசா அசெம்பிள் பண்ணிடலாம் சார்" என்று அடுத்த கடை. அங்கேயும் எஸ்எம்பிஎஸ் பெருமைதான். 20 வாட் இழுக்கப்போகும் பெட்டிக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் கோல்டாம், அதாவது கரண்டை அதிகம் வீணாக்காது என்று சான்றிதழ். அந்தச் சான்றிதழ் 20 சதவீத லோடு, 50, 100 ஆகிய இடங்களில்தான் சோதிக்கிறது. 650-ல் 20 வாட் என்பது மூன்று சதவீதம். அந்த இடத்தில் கோல்டும் கிடையாது, பித்தளையும் கிடையாது; கணிசமான பங்கு சூடாகத்தான் போகும். அந்த அசெம்பிளில் கண்ணாடிக் கதவு, ஆறு கலர் லைட்டு ஃபேன் வேறு. மாடியறையில் பழைய அலமாரிக்குப் பின்னால் கிடக்கப்போகும் சர்வருக்கு எதற்கய்யா கலர் லைட்டு? பல்லிக்கு டிஸ்கோவா?

ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டும் மினி பிசிதான் இதில் ஓரளவு நியாயமான சரக்கு. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, லேப்டாப் மாதிரி 65 வாட் அடாப்டர், சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட். ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட். உள்ளிருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸே பத்து பிட் எச்இவிசி வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு அலட்டாமல் மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் இதிலும் ஒரு கொக்கி: 3.5 இன்ச் டிஸ்க்குக்கு இடம் கிடையாது. யூஎஸ்பி பெட்டியில் மாட்டினால், மலிவான பெட்டிகள் லோடு ஏறும்போது கண் சிமிட்டிவிட்டுத் திரும்பி வரும். அந்த ஒரு சிமிட்டலில் ரெய்டு உடைந்ததாக எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கும். ரெண்டுக்கு மேல் டிஸ்க் வேண்டுமென்றால் டிஸ்க்கை நேராக மாட்டும் சாட்டா போர்ட் உள்ள சின்ன டவர் பிசியே மேல். ஒவ்வொரு 3.5 டிஸ்க்கும் சும்மா சுற்றவே நாலைந்து வாட் எடுக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

டிஸ்க் என்றதும் ரத்தம் இன்னும் கொதிக்கிறது. இங்கேயும் கேட்பது ஒரே ஒரு எழுத்து. சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சி-யா எஸ்-ஸா? சிஎம்ஆரில் தகவல் எழுதும் வரிகளான டிராக்குகள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஓட்டு வீட்டுக் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் பிரித்து அடுக்க வேண்டும். போட்டோ கொட்டி வைக்கப் போதும். ரெய்டில் ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் மொத்தத்தையும் நிரப்பும்போது மூச்சுத் திணறும்; மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும், சில நேரம் பதிலே சொல்லாமல் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் விஷயம் உலகத்துக்கே தெரியும்: நாஸுக்கென்றே (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) விற்ற ரெட் வரிசையில் 2-லிருந்து 6 டிபி வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆரைச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். 4 டிபியில் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் சிஎம்ஆர், இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்! அதன்பிறகுதான் சிஎம்ஆருக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். கடையில் கேட்டால்? "ரெண்டும் அதே சிவப்பு லேபிள்தான் சார்."

யூபிஎஸ் கதைக்கு வந்தால் விடிந்துவிடும். சுருக்கமாக: வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அது யூபிஎஸ் மோடில் இல்லையென்றால் கரண்ட் போய் மாறும் இடைவெளியில் சர்வர் செத்துப் பிழைக்கும். ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாங்குவது முழு லோடில் பதினாறு, பதினேழு மில்லி செகண்டுதான். தனி யூபிஎஸ் வாங்கினால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல ஆளில்லை. மலிவு 600 விஏ மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. உள்ளிருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிக்கு ஆயுசு ரெண்டு மூணு வருஷம். அந்தக் காசையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

ஆக, மினி பிசி, ரெண்டு சிஎம்ஆர் டிஸ்க், ஒரு யூபிஎஸ், ரௌட்டர் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரும் வாங்கி, கடைக்காரர் சொல்லாத அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஆசை. செருக எங்கே இடம்? இந்த ஜங்ஷன் பாக்ஸ் டிசைன் பண்ணுகிறவன் வாழ்க்கையில் ஒரு அடாப்டரையாவது பார்த்திருக்கிறானா? ஆறு சாக்கெட் என்று காசு வாங்குகிறான். மினி பிசி அடாப்டர் ரெண்டை மறைக்கும், டிஸ்க் பெட்டி அடாப்டர் ரெண்டை மறைக்கும், ரௌட்டர் அடாப்டர் குறுக்கே படுத்துக்கொண்டு மிச்ச ரெண்டையும் மறைக்கும். மீட்டரைச் செருக இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ், அதைச் செருக முதல் பாக்ஸில் ஒரு சாக்கெட். அதுவோ மூன்றாவது அடாப்டருக்கு அடியில்.