மேலே பளபளக்கும் பிரிமிக்ஸ், கீழே அமுக்காத மண்

சிங்கப்பூரில் நம் வட்டாரத் தெருக்களில் தோண்டி, பிரிமிக்ஸ் (தாரும் ஜல்லியும் சூடாகக் கலந்த கலவை) போட்டு மூடியபின் மிஞ்சும் கறுப்பு ஒட்டுகளைப் பற்றிய பதிவு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரைவுச்சாலைகளையும் பெரிய சாலைகளையும் குறை சொல்ல அதிகம் இல்லை. எரிச்சல் எல்லாம் லோரோங், ஜாலான் என்று தொடங்கும் குடியிருப்புத் தெருக்களில்தான், அடுக்குமாடி புளோக்குகளை ஒட்டிய நடைபாதைகளில்தான். ஒரு தரைவீட்டை இடித்துக் கட்டினால் போதும். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வெட்டு, கழிவுநீருக்கு ஒன்று, மின்கம்பிக்கு ஒன்று, எரிவாயுவுக்கு ஒன்று, ஃபைபருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு குத்தகையாளர், வேறு வாரம். வீடு எழும்பி முடிவதற்குள் தெரு ஒட்டுப்போட்ட கைலி மாதிரி ஆகிவிடுகிறது.

ஒட்டு இறங்கிவிட்டால் எல்லாரும் தாரைத் திட்டுகிறார்கள். பாவம், தார் கடைசியாக வந்து சேர்ந்தது. கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே.

ஒரு மீட்டர் ஆழக் குழி என்று வைத்துக்கொள்வோம். குழாயைப் பதித்து மணல் போர்த்தியபின் மீதியை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக நிரப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மேலும் காம்பாக்டரை (அதிர்ந்து மண்ணை அமுக்கும் சின்ன இயந்திரம்) மூன்று நான்கு முறை ஓட்டி அமுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. அப்படிச் செய்தால் நான்கைந்து சுற்று வரும், பாதி நாள் போய்விடும். நடப்பது என்ன? எக்ஸ்கவேட்டர் வாளியால் மொத்த மண்ணையும் ஒரே மூச்சில் தள்ளி, வாளியின் முதுகால் நாலு தட்டு தட்டி, மேலே ஒரு முறை காம்பாக்டரை ஓட்டுகிறார்கள். அந்தச் சின்ன இயந்திரத்தின் அதிர்வு மேல் 20 சென்டிமீட்டருக்குக் கீழே பெரிதாகப் போகாது. அடியில் இருப்பது தொளதொளவென்றே கிடக்கும். அதை அமுக்கும் வேலையைப் பிறகு குப்பை லாரியும் மழையும் சேர்ந்து செய்து முடிக்கும். ஒரு மீட்டர் நிரப்பு மண் வெறும் மூன்று விழுக்காடு அமுங்கினாலே 3 சென்டிமீட்டர் பள்ளம். மோட்டார் சைக்கிள்காரருக்கு அது போதும்.

எந்த மண்ணைப் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். காலாங், கேலாங் பக்கம் அடியில் கடல்களிமண். ஈரமாக வெளியே வரும் அந்தக் களியை எத்தனை முறை குத்தினாலும் இறுகாது, பக்கவாட்டில் பிதுங்கும். அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தூளும் ஜல்லியும் கலந்த கல்லைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். போக ஒரு லாரி, வர ஒரு லாரி. செலவு மிச்சம் பிடிக்க நினைப்பவர் கை வைக்கும் முதல் இடம் இதுதான். தோண்டிய களியே திரும்பக் குழிக்குள் போகும்.

அடுத்து பிரிமிக்ஸ். ஆலையில் இருந்து 150 டிகிரி சுமாரில் புறப்படும் சரக்கு. 80, 90 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் பிறகு ரோலர் ஏறினாலும் கல்லோடு கல் நெருங்காது. 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் அமுக்கக் கிடைக்கும் நேரம் சுமார் இருபது நிமிடம். காற்றும் தூறலும் இருந்தால் அதுவும் இல்லை. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒட்டுக்குத் தேவை முக்கால் டன்னுக்கும் சற்றுக் குறைவு. அதற்காக யாரும் தனி லாரி எடுப்பதில்லை. ஒரே லாரி காலையில் கிளம்பி நாலைந்து தெருக்களுக்குப் போகும். முதல் தெருவுக்குச் சூடான சரக்கு. கடைசித் தெருவுக்குப் போகும்போது தார்ப்பாய் போர்த்தியிருந்தாலும் ஓரமெல்லாம் கட்டிகட்டியாக இறுகியிருக்கும், மண்வெட்டியால் குத்தி எடுப்பார்கள். அந்தத் தெரு உங்கள் தெரு என்றால் மூன்றே மாதத்தில் ஜல்லி தனித்தனியாக உதிர்ந்து லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரம் சேரும்.

பரப்பும்போதே கால் பங்கு கூடுதல் உயரம் விட வேண்டும். 5 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 6, 6.5 வரை தளர்வாகப் போட்டு அமுக்க வேண்டும். பக்கத்துச் சாலையோடு மட்டமாகப் பரப்பிவிட்டு ரோலர் ஓட்டினால் ஒட்டு பிறக்கும்போதே பள்ளம். இதைச் சரிக்கட்டுவதற்காக வேண்டுமென்றே மேடாக விட்டு, "வண்டி ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பவர்களும் உண்டு. சரியாகாது. சக்கரம் ஓடும் இரண்டு தடம் மட்டும் இறங்கும், நடுவில் ஒட்டகத் திமில்.

ஓரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி ஒட்டுகள் சாவது அங்கேதான். பிரேக்கரால் (சாலையை உடைக்கும் இயந்திரம்) உடைத்த ஓரம் கொறித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். அதை வெட்டு இயந்திரத்தால் நேர்கோட்டில் அறுக்க வேண்டும். அதுவும் குழியின் விளிம்போடு நிறுத்தாமல், இரு பக்கமும் 15 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி மேல் அடுக்கை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் புதிய பிரிமிக்ஸ் அசையாத பழைய தரையிலும் காலூன்றும். பிறகு அறுத்த பக்கச் சுவர்களிலும் அடியிலும் தார்க்குழம்பு பூச வேண்டும். பூசும்போது காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். கறுத்த பிறகே பிரிமிக்ஸ் கொட்ட வேண்டும். அவசரத்தில் நிறம் மாறும் முன்பே கொட்டுவார்கள். சில இடங்களில் பூசுவதே கிடையாது, தூசியின் மேல் நேராகக் கொட்டல். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. மயிரிழை இடைவெளி கிடைத்தால் தண்ணீர் உள்ளே போகும். அதன்மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தண்ணீர் கீழே உள்ள மண்தூளையும் கரைத்துக்கொண்டு மேலே பீச்சும். மழை விட்டபின் ஒட்டின் விளிம்பில் சாம்பல் நிறச் சேற்றுக் கோடு தெரிந்தால் உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பருவமழைக்கு முன் அக்டோபரில் போட்ட ஒட்டு ஜனவரியில் என்ன கதியில் இருக்கிறது என்று பார்த்தாலே வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.

மேன்ஹோல் மூடிகளைச் சுற்றியும் இதே கதை, ரோலர் நெருங்க முடியாததால் கையால் தட்டிவிட்டுப் போகிறார்கள். நடைபாதையில் வேறு மாதிரி. கான்கிரீட் பலகையை உடைத்தால் மூட்டு முதல் மூட்டு வரை முழுப் பலகையையும் எடுத்து மறுபடி ஊற்ற வேண்டும். அதற்குப் பதில் உடைத்த துண்டில் மட்டும் பிரிமிக்ஸ் திணிப்பது 'தற்காலிகம்' என்பார்கள். அந்தத் தற்காலிகத்தின் விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் எழும்பி நின்றால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும். சந்தைக்கு டிராலி இழுத்துப் போகும் ஆன்ட்டிகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் வேலை செய்யும் தம்பிகளைத் திட்டாதீர்கள். எத்தனை அடுக்கு அமுக்குவது, எத்தனை மணிக்குள் சாலைத் தடுப்புக் கோனை எடுப்பது என்று அவர்களா முடிவு செய்கிறார்கள்? 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை உள்வாங்கி கார் விழுந்தபோது, கயிறு போட்டு ஓட்டுநரை மேலே இழுத்தவர்கள் பக்கத்து வேலையிடத்தின் வெளிநாட்டு ஊழியர்கள் ஏழு பேர். கோளாறு குத்தகைக் கணக்கில் இருக்கிறது. எத்தனை மீட்டர் மூடினாய் என்பதற்குப் பணம், எத்தனை அடுக்கு அமுக்கினாய் என்று கேட்க ஆள் இல்லை. வேலை முடிந்த அன்று வந்து மேலே பார்த்துக் கையெழுத்துப் போடுவதில் என்ன பயன்? அன்று எல்லா ஒட்டும் புது மாப்பிள்ளைதான்.

பிரிமிக்ஸ் போடும் முன் கீழே சோதிக்க எளிய கருவி இருக்கிறது. கூம்பு முனை வைத்த இரும்புக் கம்பி, அதன்மேல் 8 கிலோ சுத்தியல். 575 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து விட்டு, ஓர் அடிக்குக் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. பத்து நிமிட வேலை. குடியிருப்புத் தெருவில் தோண்டும் ஒவ்வொரு குழிக்கும் இந்த அளவையும், அடுக்கடுக்காக அளவு நாடா வைத்து எடுத்த படங்களையும் கொடுத்தால்தான் பணம் என்று வைக்கட்டும். பிறகு ஒரு மழைக்காலம் கழிந்து ஒரு முறை வந்து பார்க்கட்டும். கொஞ்சம் செலவு கூடும். அதே இடத்தை மூன்று முறை மூடும் செலவை விடக் குறைவாகத்தான் வரும்.

புகார் செய்வதிலும் நாம் கோட்டை விடுகிறோம். பொதுச் சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்தம் வீவகவின் பொறுப்பு. புளோக்கைச் சுற்றிய பொது இடம் நகர மன்றத்தின் பொறுப்பு. நடைபாதையைத் தூக்குவது மரத்தின் வேர் என்றால் தேசியப் பூங்காக் கழகமும் வர வேண்டும். யாருடையது என்று தெரியாவிட்டால் ஒன்சர்வீஸ் செயலியில் போடுங்கள், உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். இடத்தைச் சொல்ல "கடைக்கு எதிரே" வேண்டாம். அருகில் உள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள். வேலை நடக்கும்போதே அங்கு வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். பலகை போன பிறகு தோண்டியது யார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. துடைப்பக் கட்டையைப் பள்ளத்தின் குறுக்கே வைத்து, நடுவில் அடிக்கோலை நிறுத்தி எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிகிற மாதிரி ஒரு படம். மழை நின்று அரைமணி நேரம் கழித்துத் தேங்கிய தண்ணீரோடு இன்னொரு படம்.

ஏற்கெனவே ஒரு முறை திருத்திய ஒட்டு மறுபடி இறங்கியிருந்தால் முந்தைய புகார் எண்ணையும் சேர்த்து, "அடியில் மண் அமுங்குகிறது, தோண்டி அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும்" என்றே எழுதுங்கள். "பள்ளம் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால், அடுத்த வாரம் அதன்மேல் இன்னும் ரெண்டு சட்டி பிரிமிக்ஸ் கொட்டிவிட்டு 'வேலை முடிந்தது' என்று பதில் அனுப்புவார்கள்.