மெஷினைக் கூட்டினால் லாபம் கூடுமா?

திருப்பூரில் நாலு ஆர்டர் சேர்ந்தாற்போல் வந்தால் உடனே மெஷினைக் கூட்டத்தான் தோன்றும். அந்தக் கணக்கு சாயத்துக்குப் பொருந்தும். தையலில் பல நேரம் கையைக் கடிக்கும்.

சாயத்தில் லாபம் மெஷினை நிரப்பி ஓட்டுவதில் இருக்கிறது. 500 கிலோ சாஃப்ட் ஃப்ளோவில் (துணிக்குச் சாயமேற்றும் மெஷின்) முழு லாட் போட்டால், கிலோ துணிக்கு 6 லிட்டர் என்ற 1:6 விகிதத்தில், ஒரு பாத்துக்கு, அதாவது ஒருமுறை தண்ணீர் நிரப்ப, 3,000 லிட்டர் தண்ணீர். அதிலேயே 200 கிலோ ஓட்டும்போது தண்ணீர் அதே விகிதத்தில் குறையாது. பம்ப் இழுக்கவே 2,000 லிட்டர் வேண்டும் என்று வையுங்கள். உப்பைத் தண்ணீரை அளந்துதான் போடுகிறோம். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்றால், முழு லாட்டில் கிலோ துணிக்கு 360 கிராம், குறை லாட்டில் 600 கிராம். அந்த உப்பைக் கழிவுநீரிலிருந்து எவாப்பரேட்டரில் (நீரை ஆவியாக்கும் கருவி) பிரித்தெடுக்கும் செலவு தனி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு இந்தச் செலவிலிருந்து யாரும் தப்ப முடியாது. தனியாக ஆர்.ஓ. (சவ்வு வழியே நீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு) போட வசதியில்லாத பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கூட்டாகச் சேர்ந்துதான் தாக்குப்பிடிக்கின்றன. ஒரே முதலாளியிடம் இல்லாமலும் பெரிய அளவின் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மூரில் இல்லை.

தையலுக்கு வருவோம். 30 பேர் லைன், 480 நிமிட ஷிப்ட், டி-ஷர்ட்டுக்கு எஸ்.ஏ.எம்., அதாவது ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நேரம், 8 நிமிடம். 900 பீஸ் இறங்கினால் தைத்த வேலை 7,200 நிமிடம்; அதை லைனின் மொத்த 14,400 நிமிடத்தால் வகுக்க எஃபிஷியன்சி 50 சதவீதம். ஸ்டைல் மாறிய அன்று அது 25-க்கு விழுந்தால் 450 பீஸ்தான். மறுநாள் 40 என்றால் 720. ஆக, 1,000 பீஸ் ஆர்டர் கை பழகுவதற்குள் முடிந்துவிடும். 10,000 பீஸ் ஆர்டரில்தான் அந்த இரண்டு நாள் இழப்பு தெரியாமல் போகும். சின்ன ஆர்டரை எட்டு மெஷின் பவர்டேபிளுக்கு (கூலிக்குத் தைக்கும் சிறு யூனிட்) கொடுங்கள். அங்கே ஒரே ஆள் ஓவர்லாக் மெஷினிலிருந்து எழுந்து பேட்லாக் மெஷினில் உட்காருவார். பீஸ் ரேட் என்பதால் சும்மா நிற்கும் நேரத்துக்குக் கூலி ஏறாது.

ரொம்பவும் நசுங்குவது 100 மெஷின்காரர்கள். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், தரம் பார்க்கும் க்யூ.சி., ஆடிட் வேலைக்கு ஆள் என்று பெரிய கம்பெனியின் செலவு அத்தனையும் உண்டு. வருவதோ சின்ன ஆர்டர்கள். அந்தச் சம்பளம் மாதம் 4 லட்சம் என்றால், 1 லட்சம் பீஸ் போகும் மாதத்தில் பீஸுக்கு 4 ரூபாய். 60,000-க்கு இறங்கினால் 6 ரூபாய் 67 காசு. மிஞ்ச வேண்டிய காசு அங்கேயே கரைகிறது.

அடுத்த லைன் போடுமுன் கடந்த 12 மாதத்தில் ஒரு ஸ்டைலுக்குச் சராசரியாக எத்தனை பீஸ் வந்தது என்று லெட்ஜரைப் பாருங்கள். 3,000-க்குக் கீழே இருந்தால், இருக்கும் 30 மெஷின் லைனையே மூன்றாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். நூலுக்கு 30 நாளில் பணம் கட்டி, பையரிடம் 90 நாள் கழித்து வாங்குபவர் உற்பத்தியை இரட்டிப்பாக்கினால், இடையில் முடங்கும் பணமும் இரட்டிப்பாகும். அதற்கான வட்டியையும் பீஸ் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.