அந்த ‘ஆளில்லாத ஊர்’ பதிவைப் பற்றி

இரண்டு நாளாக என் டைம்லைன் முழுக்க அந்த ஒற்றை வரிதான். “ஆளில்லாத ஊருக்கு எதுக்கு பஸ்?” ஒரு கிராமத்துக்குப் போகும் பஸ்ஸை நிறுத்திய சேதிக்கு எழுதியது; யார் எழுதியது என்று உங்களுக்கே தெரியும். அதற்குச் சிரிப்பு போட்டவர்களில் ஏழெட்டுப் பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். கடந்து போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

பஸ்ஸை நிறுத்தியதால்தான் ஆளில்லை. தயவுசெய்து இந்த வரிசையை மாற்றிச் சொல்லாதீர்கள்.

ஒரு சின்ன கிராமம் எப்படிக் காலியாகிறது என்று கிட்ட இருந்து பார்த்தவள் நான். முதலில் மாலை பஸ் போகும். டவுனில் படிக்கிற பிள்ளைகள் வீடு திரும்ப வழியில்லாமல் போக, சின்ன வயதுக் குடும்பங்கள் கிளம்பும். அடுத்த வருடம் பள்ளியில் பிள்ளைகள் குறைவு என்று பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ப்பார்கள். பிறகு நர்ஸ் வருவது நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே காரணம்: பயன்படுத்துவோர் குறைவு.

அந்தக் குறைவை எப்போது எண்ணினீர்கள்? அதைத்தான் கேட்கிறேன். பிரிட்டனில் 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. அதற்கான பயணிகள் கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் எடுத்தது. கோடையில் கூட்டம் நெரியும் கடற்கரை ஊர்களுக்கும், அங்கே கோடை தொடங்காத அதே வாரம்தான். அந்த அறிக்கையால் 1969-இல் மூடிய ஒரு ரயில் பாதையில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ முதல் ட்வீட்பேங்க் என்ற சிற்றூர் வரையிலான பகுதியை 2015-இல் மறுபடி திறந்தார்கள். முதல் வருடத்திலேயே 10 லட்சத்துக்கும் மேல் பயணங்கள். அவ்வளவு பேரும் எங்கிருந்து வந்தார்கள்?

“நஷ்டத்தை யார் தாங்குவது?” என்பீர்கள். ஊருக்கு ஊர் பெரிய ஆஸ்பத்திரி யாரும் கேட்கவில்லை. போய்விட்டுத் திரும்பி வர ஒரு பஸ் கேட்கிறோம். “இப்பதான் எல்லாம் போன்லயே இருக்கே” என்பவர்களுக்கு என் அம்மா கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க டவுனுக்குப் போவார். காலையில் போக பஸ் இருந்தது, திரும்பி வரும் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டால் உண்டு. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு மாத்திரையை இரண்டு நாளுக்கு வைத்து ஓட்டியிருக்கிறார். மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. “உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை.

“டவுனுக்கு வந்துட வேண்டியதுதானே” என்று கமெண்டில் ஒரு தம்பி கேட்டிருக்கிறான். வந்துவிட்டார் தம்பி. நாலு வருடமாகிறது. உங்கள் கணக்கில் ஒரு ஆள் குறைவு. அதைக் காட்டி இன்னொரு சேவையையும் எடுக்கலாம். இங்கே அவருக்கு டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பேசத்தான் யாரும் இல்லை. காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் பால்கனியில் நிற்கிறார்.

2019 மார்ச்சில் ஸ்பெயினின் காலியான கிராமங்களிலிருந்து தலைநகர் மாட்ரிட் வரை வந்து ஊர்வலம் போனார்கள். அவர்களையும் ஆளில்லாத ஊர் என்றுதான் சொல்வீர்களா?

சிரிப்பு போட்டவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். நேற்று அம்மா என் போனை எட்டிப் பார்த்து, “என்ன எழுதியிருக்காங்க, பஸ்ஸைப் பத்தியா?” என்று கேட்டார். வேறு ஏதோ சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன்.