கவுண்டி ஜட்ஜை நியமிப்பது ஆளுநர் அல்ல

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) ஜட்ஜை ஆளுநர் நியமிக்கிறார், ஷெரிப் (கவுண்டியின் காவல் துறைத் தலைவர்) அந்த ஜட்ஜுக்குக் கீழே பணியாற்றுகிறார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அங்குள்ள 254 கவுண்டிகளிலும் ஜட்ஜை மக்களே நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அவரும், தொகுதிக்கு ஒருவராகத் தேர்வாகும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்ததுதான் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’. பெயரில் கோர்ட் இருந்தாலும் அது நிர்வாகக் குழு. பட்ஜெட், சொத்துவரி விகிதம், சாலைகள் எல்லாம் அதன் பொறுப்பு.

ஷெரிப்பையும் மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரது துறைக்கான பட்ஜெட்டை இந்தக் குழு முடிவு செய்கிறது. குழப்பம் அதனால் வந்திருக்கலாம். ஆனால் அவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் ஜட்ஜுக்குக் கிடையாது. வாக்களிக்கப் போகிறவர்கள் அந்தத் தவறான தகவலை நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.