எட்டு மார்க் மழைநீர்

கோமதி: (போனில்) அண்ணே, மழைநீர் சேகரிப்பு ஒண்ணு அவசரமா வேணும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள முடிஞ்சிருக்கணும்.

செல்வராஜ்: நாளைக்கேவா? புயல் கியல் சொல்லிட்டானாம்மா?

கோமதி: புயல் இல்லண்ணே, மிஸ் சொல்லிட்டாங்க.

செல்வராஜ்: கார்ப்பரேஷன்ல லேடி ஆபீசர் வந்துட்டாங்களா? சரி, பயப்படாதே. எத்தனை பக்கம்?

கோமதி: மூணு பக்கம் வரணுமாம்.

செல்வராஜ்: உன் மாடிக்கு எதுக்கு மூணு பக்கம்? வாட்டம் எல்லாம் தென்கிழக்கு மூலைக்குத்தான் ஓடுது. அங்க நாலு இஞ்ச் பைப்பு ஒண்ணு இறக்கினா தீர்ந்துது. மூணு பக்கம்னா பைப்பு, எல்போ, கிளாம்பு எல்லாம் மூணு மடங்கு. யாரோ உன் தலையில கட்டப் பாக்கறாங்க.

கோமதி: ஒரு பக்கத்தோட நிறுத்தினா மார்க்கைக் குறைச்சிடுவாங்கண்ணே.

செல்வராஜ்: இதுக்கு மார்க் வேற போட ஆரம்பிச்சிட்டாங்களா?

கோமதி: எட்டு மார்க். முதல்ல சட்டகம் போடணும்.

செல்வராஜ்: சட்டம், நிலைப்படி எல்லாம் கார்பெண்டர் வேலை. நான் குழி, பைப்பு, மூடி. அதோட சரி.

கோமதி: அப்புறம் கொட்டேஷன் வேணும்ணே. ஒண்ணு பத்தாது, மூணாவது இருக்கணும்.

செல்வராஜ்: மூணு பேர்கிட்ட கொட்டேஷன் கேக்கறியா? அஞ்சு வருஷமா உன் வீட்டு மோட்டாருக்கு நான் வரேன். என் மேல நம்பிக்கை இல்லாம போச்சா?

கோமதி: ஐயோ, ரெண்டு ஏற்கெனவே இருக்குண்ணே. வள்ளுவர் ஒண்ணு, ஔவையார் ஒண்ணு.

செல்வராஜ்: எந்த வள்ளுவர்? ரயில்வே கேட்டுகிட்ட பைப்பு கடை வச்சிருக்காரே, அவரா? எத்தனை அடி சொன்னாரு?

கோமதி: ரெண்டு அடி.

செல்வராஜ்: ரெண்டு அடியா! ரெண்டு அடிக் குழியில பூனையைக் கூடக் குளிப்பாட்ட முடியாது. அந்த அம்மா?

கோமதி: ஒரே அடி.

செல்வராஜ்: சுத்தம். இவங்களை எல்லாம் யாரும்மா தொழிலுக்குள்ள விட்டது? மூணுக்கு மூணு, ஆழம் அஞ்சு. அதுக்குக் கீழ போனா நான் பொறுப்பில்ல.

கோமதி: அண்ணே, இது காவ்யாவோட கட்டுரை. பத்தாங்கிளாஸ். அனுபவம் உள்ளவங்களைக் கேட்டு எழுதிட்டு வரணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. அதான் உங்களுக்குப் போட்டேன்.

(இரண்டு நொடி சத்தமில்லை. எங்கோ ஒரு குழாய் ரெஞ்சு தரையில் விழுந்தது மட்டும் கேட்டது.)

செல்வராஜ்: அந்த வள்ளுவரா! முதல்லயே சொல்றதுக்கென்ன? எதைப் போட்டிருக்கீங்க?

கோமதி: "நீரின்றி அமையாது உலகு."

செல்வராஜ்: மீதி?

கோமதி: மீதி வேற இருக்கா?

செல்வராஜ்: "உலகெனின் யார்யார்க்கும் வானின்றி அமையாது ஒழுக்கு." இருபதாவது குறள். மனுஷன் மழைக்கு வர்றதே ரெண்டாவது பாதியிலதான். மழைநீர்க் கட்டுரையில மழை இருக்கற பாதியை வெட்டிட்டு மீதியை மட்டும் எழுதறீங்க.

கோமதி: நோட்ஸ்ல அவ்வளவுதான்ணே இருக்கு. கேளுங்க, படிக்கறேன். "மழைநீரைப் பல வழிகளில் சேகரிக்கலாம். தொட்டிகளில் சேகரிக்கலாம். குளங்களில் சேகரிக்கலாம். இவ்வாறு பல வழிகளில் சேகரிக்கலாம்."

(பள்ளிக் கட்டுரைகளில் "பல வழிகள்" வந்துவிட்டால் அதற்கப்புறம் வழி ஒன்றும் வராது. தமிழ்நாட்டில் பத்தாவதைத் தாண்டிய யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.)

செல்வராஜ்: சரி, பேனா எடுக்கச் சொல்லு. ஒரு சதுர மீட்டர் இடத்துல 1 மில்லிமீட்டர் மழை விழுந்தா 1 லிட்டர் தண்ணி. உன் மாடி 1000 சதுர அடி. சுமாரா 93 சதுர மீட்டர். அப்ப 10 மில்லிமீட்டர் மழைக்கு எவ்வளவு?

கோமதி: 930 லிட்டர்.

செல்வராஜ்: தெறிச்சது, ஓடு உறிஞ்சினது போக 700, 750 லிட்டர் பைப்புக்கு வரும். சென்னையில வருஷத்துக்கு சுமாரா 1400 மில்லிமீட்டர் பெய்யுது. கழிச்சது போகவே ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரில எட்டு லாரி. அது உன் தலைக்கு மேலயே வந்து நிக்குது, நீ லாரிக்காரனுக்குப் போன் பண்றே.

கோமதி: நல்லா இருக்குண்ணே. இது எந்த உட்தலைப்புல வரும்?

செல்வராஜ்: எதுல வேணா போடு.

கோமதி: "மழையின் இன்றியமையாமை", "நீர் மாசுபாடு", "நமது கடமைகள்". மூணுலயும் கணக்கு வராதேண்ணே.

செல்வராஜ்: "நமது கடமைகள்"ல குழி இருக்கா?

கோமதி: குழி இல்ல. விழிப்புணர்வு இருக்கு.

செல்வராஜ்: விழிப்புணர்வைத் தோண்டினா தண்ணி இறங்காதும்மா. குழியை எழுதச் சொல்லு. மூணு அடி நீளம், மூணு அடி அகலம், அஞ்சு அடி ஆழம். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது, செப்டிக் டேங்க் பக்கத்துல போகவே கூடாது. அடியில 40 எம்.எம். ஜல்லி, இல்ல உடைஞ்ச செங்கல். அதுக்கு மேல 20 எம்.எம். ஜல்லி. அதுக்கு மேல நைலான் வலை. வலைக்கு மேல ஒரு அடிக்கு ஆத்து மணல். மணலுக்கு மேல ஒரு அடி காலியா விடணும்.

கோமதி: காலியா எதுக்கு?

செல்வராஜ்: அடிச்சுப் பெய்யும்போது மாடித் தண்ணி வர்ற வேகத்துக்கு மண்ணு குடிக்காது. கொஞ்ச நேரம் நின்னு இறங்க இடம் வேணும். விளிம்பு வரைக்கும் ரொப்பிட்டா தண்ணி வழிஞ்சு வாசலுக்கு வரும். அப்புறம் "குழி வேலை செய்யல"ன்னு எனக்குப் போன் வரும்.

கோமதி: வலை?

செல்வராஜ்: காபி ஃபில்டர்ல தூளு கீழ இறங்கிட்டா என்ன ஆகும்? அதான் இங்கயும். வலை இல்லாட்டி மணல் ஜல்லி இடுக்குக்குள்ள போய் அடைச்சுக்கும். வலை இருந்தா மேல் மணலை மட்டும் அள்ளி, அலசி, திரும்பக் கொட்டிடலாம். செப்டம்பர்ல ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி. இதை ஒருத்தனும் செய்யறதில்ல. பாத்திரம் விளக்கற அளவு வேலைதான்.

கோமதி: "பராமரிப்பு"ன்னு ஒரு உட்தலைப்பு போட்டுக்கறேன்.

செல்வராஜ்: அப்பாடா, ஒண்ணு கெடைச்சுது. அடுத்தது முக்கியம். குழிக்கு அடியிலயும் சுவத்துலயும் சிமெண்ட் பூசக் கூடாது. கை பழக்கத்துல மேஸ்திரிங்க வழவழன்னு பூசிட்டுப் போயிடுவாங்க. அப்ப அது குழி இல்ல, தொட்டி. ரெண்டு மழைக்கு ரொம்பும், மூணாவது மழைக்குக் கொசு வரும்.

கோமதி: மேஸ்திரியைத் தப்பா எழுதினா மிஸ் ஒத்துக்க மாட்டாங்கண்ணே. "சிலர்"னு போட்டுக்கலாமா?

செல்வராஜ்: "சிலர்"னே போடு. எல்லா மேஸ்திரியும் அதுல அடங்கிடுவாங்க.

கோமதி: எல்லா ஊருக்கும் இதே குழிதானா?

செல்வராஜ்: நல்ல கேள்வி. இது நோட்ஸ்ல வருமா? பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். தண்ணி விட்டா உடனே குடிச்சிடும், இந்தக் குழியே போதும். களிமண் ஏரியான்னா அஞ்சு அடியில நிறுத்திட்டா தண்ணி அப்படியே நிக்கும். குழிக்கு நடுவுல ஒரு துளை, ஆறு இஞ்சோ எட்டு இஞ்சோ, கீழ மணல் தட்டற வரைக்கும் போட்டு, அதுக்குள்ள ஜல்லி கொட்டணும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை. அங்க குழியை விட உறைக் கிணறு நல்லது. மூணு அடி விட்டம், 15 அடிக்கு மேல ஆழம், உள்ள ஒண்ணும் ரொப்பக் கூடாது. மண்ணைப் பாக்காம குழி தோண்டறவன் கையைப் பாக்காம ஊசி போடறவன்.

கோமதி: அதை மேற்கோளாப் போடலாமா?

செல்வராஜ்: யார் சொன்னதுன்னு போடுவே?

கோமதி: "அறிஞர் ஒருவர்."

செல்வராஜ்: பேரைப் போட மாட்டே?

கோமதி: பிளம்பர்னு போட்டா மார்க் வராதுண்ணே.

(இந்த இடத்தில் செல்வராஜ் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்படவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.)

செல்வராஜ்: சரி, முதல் மழையை எழுதிட்டாளா? மாடியில நாலஞ்சு மாசத் தூசி, காக்கா எச்சம், இலை எல்லாம் கெடக்கும். முதல் ஒண்ணு ரெண்டு மழையில ஆரம்பத் தண்ணியை உள்ள விடக் கூடாது. பைப்பு அடியில 'T' மாதிரி ஒரு ஜாயிண்ட் போட்டு, அதோட ஒரு வாய்க்கு எண்ட் கேப், அதாவது மூடி, வச்சிருப்போம். முதல்ல கேப்பைத் திறந்து வெளிய விடணும். பத்து, பதினஞ்சு நிமிஷம் நல்லாப் பெஞ்சு தண்ணி தெளிஞ்சதும் மூடணும். மாடியில பைப்பு வாய்க்கு ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையா இருக்கற மூடி, கட்டாயம். இல்லாட்டி ஒரு அரச இலை போதும், மாடி நீச்சல் குளம் ஆயிடும்.

கோமதி: இது எந்த உட்தலைப்பு...

செல்வராஜ்: தாயி, அதை மறுபடி கேக்காதே. முடிவுரைக்கு என்ன வச்சிருக்கே?

கோமதி: அது தயாரா இருக்கு. "எனவே மழைநீரைச் சேகரிப்போம், வருங்காலச் சந்ததியைக் காப்போம்."

செல்வராஜ்: போன வாரம் என்ன கட்டுரை?

கோமதி: மரம் வளர்ப்போம்.

செல்வராஜ்: அதுக்கு முடிவுரை?

கோமதி: "எனவே மரங்களை வளர்ப்போம், வருங்காலச் சந்ததியைக் காப்போம்."

செல்வராஜ்: அதுக்கு முந்தின வாரம்?

கோமதி: நெகிழி ஒழிப்பு. "எனவே நெகிழியை ஒழிப்போம்..."

செல்வராஜ்: போதும். அந்தச் சந்ததியும் பத்தாங்கிளாஸ்ல உக்காந்து அடுத்த சந்ததியைக் காப்போம்னுதான் எழுதப் போகுது. 2015ல கழுத்தளவு தண்ணி, 2019ல குழாயைத் திறந்தா காத்து. ரெண்டும் ஒரே ஊர், நடுவுல நாலு வருஷம். அதை எழுதச் சொல்லு.

கோமதி: அது முன்னுரைக்கு நல்லா இருக்கும்ணே. ஆனா முன்னுரையில வள்ளுவர் உக்காந்திருக்காரு.

செல்வராஜ்: அவர் நகர்ந்துக்குவாரு. உன் வீட்டு மாடிப் பைப்பு கீழ எங்கம்மா போய் முடியுது?

கோமதி: மண்ணுக்குள்ள போகுது.

செல்வராஜ்: மண்ணுக்குள்ள போற பைப்பெல்லாம் குழிக்குப் போகுதுன்னு யார் சொன்னா? 2003ல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு சட்டம் வந்துது. பாதிப் பேர் ஒழுங்காப் போட்டாங்க. மீதிப் பேர் ஒரு பைப்பைச் சுவத்துல இறக்கி, ஒரு அடி மண்ணுக்குள்ள சொருகி, வந்தவங்ககிட்ட காட்டினாங்க. கீழ குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பைப்பெல்லாம் இன்னும் நிக்குது. பாப்பாவை ரெண்டு பக்கெட் தண்ணியோட மாடிக்கு அனுப்பு. பைப்பு வாயில ஊத்தச் சொல்லு. நீ கீழ போய் நில்லு.

(மாடிப்படியில் காலடிச் சத்தம். "ஊத்தட்டுமாம்மா?" என்ற குரல். பிறகு நீண்ட சளசளப்பு.)

செல்வராஜ்: எங்க வருது?

கோமதி: தோட்டத்துல ஒண்ணும் காணோம்ணே. ஆனா ரோட்டுல இருக்கற இரும்பு மூடிக்கு அடியில சத்தம் கேக்குது.

செல்வராஜ்: அது பாதாளச் சாக்கடை. உன் மாடி மழை நேரா அங்க போகுது. அந்த லைன் வீட்டுக் கழிவுத் தண்ணிக்குப் போட்டது. தெருவுல முப்பது மாடியும் ஒரே நேரத்துல மழையை அதுக்குள்ள கொட்டினா எங்க போகும்? மூடியைத் தூக்கும். இல்லாட்டி தாழ்வா இருக்கற வீட்டு பாத்ரூம்ல எதுத்துக்கிட்டு வரும்.

கோமதி: மழைன்னா எங்க பாத்ரூம்ல களக் களக்குன்னு வருமே, அதுவா? அடைப்புன்னு உங்களைக் கூப்பிட்டேனே!

செல்வராஜ்: நானும் ரெண்டு தடவை குச்சி விட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போனேன். இந்தப் பைப்பை யாரு மாத்தினது? உங்க வீட்டுல குழி இருந்துதே, துளசி மாடம் பக்கத்துல.

கோமதி: அவருதான்ணே. குழியில தண்ணி நிக்குது, கொசு வருதுன்னு யாரையோ வெச்சு மாத்திட்டாரு. குழி மேல டைல்ஸ் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தறோம்.

செல்வராஜ்: மேல் மணலை அலசியிருந்தா அரை நாள்ல முடிஞ்சிருக்கும். சார் வீட்டுல இருக்காரா?

கோமதி: இல்லண்ணே, ஆபீஸ்ல ஏதோ விழா. நீர் மேலாண்மைன்னு பிள்ளைங்களுக்குப் பேச்சுப் போட்டி. இவருதான் நடுவர்.

செல்வராஜ்: யாருக்கு முதல் பரிசு குடுக்கப் போறாராம்?

கோமதி: முடிவுரையைச் சத்தமாச் சொல்ற பிள்ளைக்கு.